கொள்ளைக்காரன் குகைக்குத் துணை போனவள்

மூடிக் கிடந்த நூல்மில்லை இடித்து விற்பதா, கல்யாண மண்டபம் ஆக்குவதா என்று முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வெகுகாலம் அடித்துக்கொண்டு, கடைசியில் யாருக்கும் வேண்டாம் என்று அங்கே ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டி, நூல் சுற்றிய கூடத்தில் தண்ணீர்ச் சறுக்கும், கொதிகலன் இருந்த மேட்டில் ராட்டினமும், பஞ்சு மூட்டை அடுக்கிய நீளக் கிடங்கில் ‘கொள்ளைக்காரன் குகை’ என்ற இருட்டுச் சவாரியும் வைத்துத் திறந்தபோது, ஆவாரங்குளத்துக்காரர்களான நாங்கள் புதுத்துணி உடுத்தி, புளியோதரை கட்டிக்கொண்டு, மெட்ராஸ்காரனுக்கு மட்டும்தான் இந்தக் கொடுப்பினையா என்று பேசிக்கொண்டே போய் வரிசையில் நின்றோம்.

குகை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. இருவர் உட்காரும் இரும்பு வண்டி, மடிக்கு மேல் வந்து இறங்கும் ஒரு தடுப்புக் கம்பி, கீழே தண்டவாளம். உள்ளே சாந்தில் செய்த கொள்ளைக்காரர்கள் முறுக்கு மீசையும் ரப்பர் அரிவாளுமாக நிற்பார்கள், வண்டி பக்கத்தில் வந்ததும் கையை ஓங்குவார்கள், ஸ்பீக்கரில் ஒருத்தன் கெக்கெக்கே என்று சிரிப்பான், சிவப்பு பல்பு அணைந்து அணைந்து எரியும், ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அப்புறம் வெளிச்சம். அவ்வளவுதான். சுவிட்ச் போடுகிற வேலைக்கு மில்லில் பழைய ஃபிட்டராக இருந்த இருதயராஜை வைத்திருந்தார்கள்.

முதல் வண்டியில் மரியாதை நிமித்தம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆறுமுகப்பெருமாளையும் அவருடைய வீட்டம்மாவையும் ஏற்றினோம். வண்டி வெளியே வந்தபோது அந்த அம்மாள் தொடையில் யாரோ கிள்ளிய மாதிரி இருக்கிறது என்று தடவிக்கொண்டிருக்க, பக்கத்தில் தலைமையாசிரியர் இரண்டு உள்ளங்கையும் பணியாரமாக வீங்கி, கெண்டைக்கால் முழுக்கப் பிரம்புத் தடம் வரிவரியாகப் பிளந்து, காது இரண்டும் கன்றிச் சிவந்து, முட்டியில் மணல் அப்பி, மூச்சு வாங்கக்கூட முடியாமல் கிடந்தார். தூக்கிவிடப் போன உரக்கடை கணேசமூர்த்தி அவருடைய கன்னத்து எலும்பில் விழுந்திருந்த சின்னப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

“சார், இது எனக்கு விழுந்தது சார். மோதிரத்தைத் திருப்பிப் போட்டுக்கிட்டு அடிச்சீங்களே, ஏழாப்புல, அது” என்றான்.

அவன் தன் கன்னத்தைத் தடவிக் காட்டினான். அதே இடத்தில் அதே பள்ளம் இருந்தது.

அடுத்த வண்டியில் போன ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் உள்ளங்கால் தோல் உரிந்து, விரல் நகங்கள் பெயர்ந்து, வாயில் ரத்தம் கட்டி வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிரை விட்டார். அதற்குள் மூன்றாவது வண்டியும் நான்காவது வண்டியும் கிளம்பிவிட்டிருந்தன. அன்று பொழுது சாய்வதற்குள் எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. குகைக்குள் போகிறவன் இதுவரை யாருக்கெல்லாம் என்னென்ன அடி கொடுத்தானோ அத்தனையும், அடித்த வரிசை மாறாமல், அவன் உடம்பிலேயே வந்து விழுகிறது. ஒரு தடவை விழுந்துவிட்டால் அதோடு சரி, மறுபடி போனால் பழைய அடி வராது. கோழி, ஆடு அறுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதனை அடித்தால்தான்.

பூங்காக்காரர்கள் சவாரியை நிறுத்திவிட்டு இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் மணல் மூட்டைகளை வண்டியில் வைத்து அனுப்பினார், மூட்டைகள் பத்திரமாகத் திரும்பின. பிறகு அவரே போனார். முழங்கையில் சின்னப் பல்தடத்தோடு வெளியே வந்து, “இது நான் எங்க அக்காவைக் கடிச்சது, சின்ன வயசுல” என்று சிரித்து, மெஷினில் கோளாறு இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். கூட்டம் குறையுமா? மாட்டுவண்டி ஒன்றுதான் வரவில்லை. வேன் பிடித்து வந்தார்கள், டூரிஸ்ட் பஸ்ஸில் வந்தார்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு மருமகள்கள் வந்தார்கள். வெளியே வரும் வாசலில் டிங்சரும் பஞ்சும் விற்கிற தள்ளுவண்டிகள் நின்றன, எலும்பு முறிவுக்கு எண்ணெய்க்கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவர் கூரை போட்டு மூங்கில் பத்தைகளோடு உட்கார்ந்தார், பக்கத்திலேயே இளநீர்க் கடை வந்தது. அலறல் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். கேட்டுக்கேட்டு மில் சங்கு பழகின மாதிரி அதுவும் எங்களுக்குப் பழகிவிட்டது.

நல்லது கொஞ்சம் நடக்கத்தான் செய்தது. ஊரில் ஆம்பளைகள் கையை ஓங்கிவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்கள். பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு, “பையன் குகைக்குப் போய்ட்டு வந்தாச்சா?” என்று முதல் கேள்வி கேட்டார்கள். பூ வைப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மாப்பிள்ளை வண்டியில் ஏறிப் போவான், வெளியே வந்ததும் அவன் உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவதா எழுந்து போவதா என்று முடிவாகும். எத்தனையோ சம்பந்தங்கள் அந்த வாசலிலேயே முறிந்தன. பெண்களைப் பெற்றவர்கள் இருதயராஜுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். இப்படியே போயிருந்தால் எங்கள் ஊர் உருப்பட்டிருக்கும். ஆனால் நாங்கள் யார், எங்களுக்கா வழி தெரியாது?

வழியைக் கண்டுபிடித்தவள் கனகமணி. அவள் மகன் முதல் பெண்டாட்டியை அடித்து விரட்டியவன், இரண்டாம் சம்பந்தத்துக்காகக் குகைக்கு வந்தான். மகனை இருட்டில் தனியாக அனுப்பப் பயந்து கனகமணியும் கூட ஏறினாள், பயத்தில் மகன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வண்டி வெளியே வந்தபோது மகன் தலைமுடி கலையாமல் உட்கார்ந்திருந்தான், கனகமணிக்கு நெற்றி பிளந்து புருவம் தொங்கியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த முதல் மருமகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் நெற்றித் தழும்பையும் மாமியாரின் காயத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு மாப்பிள்ளை தனியாகப் போகிற வழக்கமே நின்றுபோனது. “துணைக்கு” என்று அம்மா ஏறினாள், அம்மா இல்லாதவனுக்கு அக்காவோ அத்தையோ ஏறினாள். கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கூலிக்குப் பிடித்த கையில் அடி ஏறவில்லை. ரத்த சம்பந்தம் இருக்க வேண்டும், மனசார ஏந்திக்கொள்ளவும் வேண்டும். மனசார ஏந்திக்கொள்ள எங்கள் ஊரில் அம்மாக்களுக்கா பஞ்சம்? மாப்பிள்ளைகள் எல்லோரும் சொக்கத்தங்கமாக வெளியே வரத் தொடங்கினார்கள், அவர்களுடைய தாய்மார்கள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பந்தியில் பாயசம் ஊற்றினார்கள். பெண் வீட்டாருக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் வீட்டிலும் பையன்கள் இருந்தார்கள்.

இப்போது சீனியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கித் தன் ஒரே மகள் சுபாஷினியை நர்ஸிங் படிக்கவைத்தவள். புருஷன் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அவளுக்கு எல்லாம் தம்பி தவசிலிங்கம்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் சுபாஷினிக்குக் காது குத்தினார்கள், அவள் ஆளானபோது குடிசை கட்டித் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தவனும் அவனே. அக்கா மகள் தன் மகன் கௌதமுக்குத்தான் என்று அன்றைக்கே ஊருக்குச் சொல்லிவிட்டான். சுபாஷினி மதுரையில் கூடப் படித்த வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஒருநாள் வந்தாள். மாமன் வந்து, பேசிக் கூட்டி வருகிறேன் என்று பைக்கில் ஏற்றிப் போனான். திரும்பி வந்தவன், தோட்டத்தில் பூச்சிமருந்து குடித்துவிட்டாள், காப்பாற்ற முடியவில்லை என்றான். சீனியம்மாள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எரித்து முடித்திருந்தார்கள்.

கேஸ் நடந்தது. பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள், கேட்டவர்கள் கேட்கவில்லை என்றார்கள், விடுதலையாகி வந்த தவசிலிங்கத்துக்குப் பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டோம். யார் செய்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சீனியம்மாளுக்கும் தெரியும். எப்படி என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றைத்தான் அவள் கேட்டாள். சந்தைக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களை நிறுத்திக் கேட்டாள், அஸ்தி கரைத்த ஆளைக் கேட்டாள், போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்துக் கேட்டாள். கயிறா, அரிவாளா, மருந்தா? சட்டுனு போயிட்டாளா, ரொம்ப நேரம் கிடந்தாளா? என்னைக் கூப்பிட்டாளா? நாங்கள் அவளைத் தூரத்தில் கண்டாலே வேறு தெருவில் திரும்பிப் போய்விடுவோம். சோறு கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்க, அந்தப் பொம்பளை பாதியாக இளைத்துப்போனாள்.

கௌதமுக்குக் கோவில்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. பெண்ணைப் பெற்ற நாராயணப்பெருமாள் விவரமானவர்.

“பையன் போய்ட்டு வந்தது சரி. எங்க பிள்ளை மாமனார் வீட்லதான வந்து இருக்கப்போகுது? சம்பந்தியும் ஒரு நடை போய்ட்டு வந்துட்டா எங்க மனசுக்குத் திருப்தியா இருக்கும்” என்றார்.

மாட்டேன் என்று சொன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தவசிலிங்கம் சிரித்துக்கொண்டே சரி என்றான். அவன் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கை கொடுக்கலாம், ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவனை மொண்டியாக்கி மணவறையில் உட்கார்த்த முடியுமா? பெண்டாட்டி பொன்னுத்தாய் சொந்த அத்தை மகள், ரத்த சம்பந்தம்தான். அவளிடம் கேட்டான்.

“எனக்கு வரவேண்டியதெல்லாம் நீங்க நேரடியாவே குடுத்துட்டீங்க. அதையே இன்னொரு தடவை குகைக்குள்ள போயி வேற வாங்கணுமா?” என்றுவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

மிச்சம் அக்கா ஒருத்திதான். தாம்பாளத்தில் பட்டுச்சேலையும் பழமும் பூவும் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தவசிலிங்கம் சீனியம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

“அக்கா, நடந்தது நடந்துபோச்சு. உனக்கும் என்னை விட்டா யாரு? கௌதம் உன் மருமவன்தான?” என்றான்.

பெரியவர்களில் ஒருவர், “பெத்தது போயிருச்சு, கூடப் பொறந்ததாவது இருக்கட்டுமே தாயி. தம்பிக்கு ஒரு கை குடுத்தா கொறைஞ்சா போயிருவ?” என்றார்.

சீனியம்மாள் தம்பியின் கைகளையே பார்த்தாள். ஊரெல்லாம் கேட்டும் கிடைக்காத பதில் அந்தக் கைகளில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“வாரேன்” என்றாள்.

எங்களுக்கெல்லாம் மனசு லேசாகிவிட்டது. என்ன இருந்தாலும் அக்கா அக்காதான் என்று சொல்லிக்கொண்டோம். பொன்னுத்தாய் மட்டும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

“மதினி, உங்களுக்குக் கிறுக்கா? அந்த மனுசன் கையில என்னவெல்லாம் இருக்குனு எனக்குத் தெரியும். உசுரோட வெளிய வரமாட்டீங்க.”

“வரலைனா போகுது. எம்புள்ளைக்கு என்ன நடந்துச்சுனு எனக்குத் தெரிஞ்சாகணும் பொன்னு. சொல்ல ஒருத்தரும் இல்ல. ஒடம்புலயாவது வாங்கித் தெரிஞ்சுக்கிடுதேன்.”

பொன்னுத்தாய் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஊரே இருந்தது. நாராயணப்பெருமாள் குடும்பத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கௌதம் எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தான், எண்ணெய்க்கட்டு வைத்தியர் மூங்கில் பத்தைகளை வரிசையாக எடுத்து வைத்தார். தவசிலிங்கம் வெள்ளை வேட்டியில் இடதுபக்கமும், சீனியம்மாள் பழைய நூல்சேலையில் வலதுபக்கமும் ஏறினார்கள். இருதயராஜ் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு, “வேண்டாம்னா இப்பவே இறங்கிருங்கம்மா” என்று மெதுவாகச் சொன்னார். அவள் தம்பியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வண்டி உள்ளே போனது. உள்ளே நடந்ததைப் பின்னால் அவளே சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

முதலில் வந்தவை பையன்களின் சண்டை. குதிகாலில் ஒரு கல், முதுகில் ஒரு குத்து, பம்பர ஆணியால் புறங்கையில் ஒரு கிழி. அப்புறம் இளவட்ட வயசு, பெல்ட் பக்கிளும் சைக்கிள் செயினும் விலாவில் வந்து இறங்கின, ஒரு பல் போனது. முதல் வளைவு திரும்பியதும் இடுப்பில் விழுந்த உதையில் அவளுக்குக் கண் இருட்டியது. அது பொன்னுத்தாய்க்கு விழுந்தது, கல்யாணமான புதிதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பொன்னுத்தாய்க்கு விழுந்தவை நிற்கவே இல்லை, காய்ந்த தோசைக்கரண்டி தொடையில் ஒட்டி உரிந்தது, நிலைப்படியில் தலை மோதியது, மோதிய இடத்திலேயே மறுபடி மோதியது, விரல் ஒன்று பின்பக்கமாக மடங்கி முறிந்தது. பொன்னு, பொன்னு, இம்புட்டையும் வாங்கிக்கிட்டா எனக்குக் காப்பி போட்டுக் குடுத்த என்று அவள் புலம்பினாள். பக்கத்தில் தவசிலிங்கம் அடிபடாமல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ரப்பர் அரிவாளை ஓங்குகிற பொம்மைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்புறம் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. அது தம்பியின் கை இல்லை. கண்ணாடி வளையல் நொறுங்கிக் கீறிய அறை, அவளுடைய கையே கொடுத்த அறை. அந்தக் கடைசி நாளில் தாலியோடு வாசலில் வந்து நின்ற சுபாஷினிக்கு அவள் கொடுத்தது. மகள் பிறந்ததிலிருந்து அவள் கொடுத்த ஒரே அடி அதுதான் என்பதால் இனி வருவது என்ன என்று சீனியம்மாளுக்குத் தெரிந்தது. அவள் தம்பியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

தலைமயிர் கொத்தாக இழுபட்டது. வாயில் குத்து விழுந்து உதடு கிழிந்தது. முட்டி இரண்டும் சரளையில் உரசிக்கொண்டே போயின, அப்படியென்றால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். இடது முன்கையில் அரிவாள் விழுந்து எலும்பு வரைக்கும் இறங்கியது, அப்படியென்றால் என் பிள்ளை கையைத் தூக்கித் தடுத்திருக்கிறாள். அடுத்த வெட்டு தோள்பட்டைக்குப் பின்னால் விழுந்தது, அப்படியென்றால் எழுந்து ஓடியிருக்கிறாள், என் வீடு இருக்கிற பக்கமாகத்தான் ஓடியிருப்பாள். மருந்து இல்லை, கயிறு இல்லை, சட்டென்று போகவும் இல்லை. நெஞ்சில் ஓர் உதை விழுந்து அவளை மல்லாக்கத் தள்ளியது. ரத்தம் மடியை நனைத்து வண்டித் தட்டில் ஒழுகியது. சீனியம்மாள் கையை விடவில்லை. எனக்குத்தான் இது, எனக்கே இருக்கட்டும், அவளுக்கு வந்தது அத்தனையும் எனக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இரண்டாம் வளைவில் தவசிலிங்கம் அவள் பக்கம் சாய்ந்து காதோரமாகச் சொன்னான்.

“கைய விட்டுராதக்கா. இன்னும் ஒண்ணுதான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அவன் முகம் நிம்மதியாக இருந்தது. எத்தனை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக, வரிசையாக, மறக்காமல் வைத்திருந்தான், அந்த வரிசையை இப்போது அக்காவுக்கு ஆறுதலாகச் சொல்கிறான்.

“அந்த ஒண்ண நீயே வச்சுக்கோ” என்று சீனியம்மாள் கையை உதறி எடுத்தாள்.

அக்கா, அக்கா, கையக் குடு என்று அவன் அலறியதும், தடுப்புக் கம்பியை அவன் போட்டு உலுக்கியதும் வெளியே எங்களுக்கே கேட்டது. வண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது தவசிலிங்கத்தின் கழுத்து முக்கால்வாசி அறுபட்டுத் தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது, பக்கத்தில் சீனியம்மாள் சேலை எது சதை எது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகள் சாய்ந்தன, குளிர்பானப் பாட்டில்கள் உருண்டன, நாராயணப்பெருமாளின் மனைவி மயங்கி விழுந்தாள். அக்கா உடம்பில் பாதியும் தம்பி கழுத்தில் மீதியுமாகச் சுபாஷினியின் சாவு எங்கள் எல்லோர் முன்னாலும் வந்து நின்றது. பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொன்ன அத்தனை பேரும் அன்றைக்குப் பார்த்தோம்.

போலீஸ் வந்தது. யார் வெட்டியது என்று கேட்டார்கள், நாங்கள் பழக்க தோஷத்தில் பார்க்கவில்லை என்றோம். சாந்துப் பொம்மைகளின் ரப்பர் அரிவாள்களைச் சாக்கில் கட்டிச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். ஊரில் ஒரு வாரம் வேறு பேச்சு இல்லை. சுபாஷினி எரிந்தபோது வாயைத் திறக்காதவர்கள், கை கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய் நடுவழியில் விட்டாளே, இவளெல்லாம் கூடப் பிறந்தவளா என்று கொதித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நாராயணப்பெருமாள் வந்து, மாப்பிள்ளை மேல் குறையொன்றும் இல்லையே என்று தேதி குறித்துக்கொண்டு போனார். பூங்காக்காரர்கள் குகை வாசலில் ‘துணைக்கு வருபவர்கள் சவாரி முடியும்வரை கையை விடக்கூடாது’ என்று பலகை மாட்டினார்கள். சிலர் அம்மா கையையும் மகன் கையையும் துண்டால் சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். கட்டிப்போட்ட கையில் அடி ஏறவில்லை. அம்மாக்களில் சிலர் இரண்டாம் வளைவு வந்ததும் யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். மகன்கள் குகைக்குப் போவதற்கு முன்னால் அம்மாவுக்கு நல்ல சேலையாக எடுத்துக் கொடுத்து, வாய் நிறைய அம்மா அம்மா என்று கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சீனியம்மாளுக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவள் பொன்னுத்தாய். காயத்துக்கு மருந்து வைக்கும்போது அவள் தொடையில் இருந்த சூட்டுப் புண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது எனக்கு விழுந்தது மதினி.”

“தெரியும்” என்றாள் சீனியம்மாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இடது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் வீட்டுக்கு வந்த சீனியம்மாள் இப்போது ஒழுங்காகச் சாப்பிட்டாள். யாரையும் நிறுத்தி எதையும் கேட்கவில்லை. சரி, தீர்ந்தது என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் நடக்கத் தெம்பு வந்ததும் அவள் பூங்காவுக்குப் போய் டிக்கெட் வாங்கி, தனியாக வண்டியில் ஏறி, குகைக்குள் போய், ஒன்றும் ஆகாமல் வெளியே வந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒருநாள் இருதயராஜ் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

“உங்களுக்கு வரவேண்டியதெல்லாம் வந்துருச்சேம்மா. இன்னும் என்ன மிச்சம்?”

“அன்னைக்கு எம்புள்ள வந்திருக்கானு எந்தம்பிக்குப் போன் போட்டது நான்தான். சட்டுனு வா, வந்து புத்தி சொல்லுனு நான்தான் கூப்பிட்டேன். அவ போன் போடாதம்மானு சொன்னா, கேக்காமப் போட்டேன். அதுக்கு உண்டானது இன்னும் வரல.”

“அது அடி இல்லையேம்மா.”

“அது அடி இல்லாம வேற என்ன?”

இருதயராஜ் அவளை வண்டியில் ஏற்றினார். கம்பியை இறக்கி, சுவிட்சைப் போட்டார். வண்டி உள்ளே போனது, ஸ்பீக்கரில் இருந்தவன் சிரித்தான், வண்டி வெளியே வந்தது. சீனியம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள், சேலையை விலக்கிக் காலைப் பார்த்தாள். எங்கேயும் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கதறி அழுதாள். வரிசையில் நின்றிருந்த வெளியூர்க்காரர்கள், பாவம், பலமான அடி போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.